அபினிப் பணமும் ஓட்ஸ் மாவும்: லூயிஸ் தீவுப் பயணக் குறிப்புகள்

வியாழன், லேர்க்

காலையில் இன்வெர்னஸிலிருந்து வடக்கே போகும் சின்ன ரயிலில் ஏறினேன். கொஞ்ச தூரம் கடலோரமாகவே ஓடி, அப்புறம் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, மலைகளுக்கு நடுவே லேர்க் வந்து சேர்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்குள் போக நல்ல நடை. ஷின் ஏரியின் தென்கோடியில் சில கடைகள், தேவாலயம், ஏரிக்கரைப் பாதை, அவ்வளவுதான் ஊர். ஆகஸ்டில் மட்டும் இங்கே கூட்டம் நெரியும். ஐரோப்பாவின் மிகப் பெரிய ஒருநாள் ஆட்டு ஏலங்களில் ஒன்று இந்த ஊரில்தான் நடக்கிறது.

நான் வந்தது ஜேம்ஸ் மாத்திசனின் கல்லறையைப் பார்க்க. 1796-இல் பக்கத்து ஷைனஸில் பிறந்தவர். 1878 டிசம்பர் 31 அன்று பிரான்சின் தென்கரையில் மாந்தோன் நகரில் இறந்தார். உடலை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சொந்த ஊரிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். பழைய இடுகாட்டில் அவருடைய நினைவுச் சின்னம் மற்றக் கல்லறைகளைவிடப் பல மடங்கு பெரிது. உழவரும் மேய்ப்பரும் கிடக்கிற இடத்தில் பணம் தனியாகத் தெரிகிறது.

ஸ்காட்லாந்தின் வள்ளல்கள் என்று பட்டியல் போட்டால் இவர் பெயர் தவறாமல் வரும். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் இருக்கும் லூயிஸ் என்ற ஒரு தீவை முழுதாக விலைக்கு வாங்கினார். பஞ்சம் வந்தபோது அந்தத் தீவு மக்களுக்குச் சோறு போட்டார். அதற்காக அரசியிடம் பாரோனட் என்ற பரம்பரைப் பட்டம் பெற்றார். இத்தனைக்கும் ஆதாரமான பணம் சீனாவில் அபினி விற்றுச் சேர்த்தது. அந்த அபினி விளைந்தது நம் நாட்டில். பல ஆண்டுகளாக இந்த மனிதரை என்னால் மனதிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அவர் செய்த நன்மை உண்மையானது. அந்த நன்மை அந்த மக்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அந்த மண்ணிலேயே நின்று பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

சதர்லேண்ட் வட்டாரத்தில் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாத்திசன் இளைஞனாக இருந்த காலத்தில்தான் இங்கே பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக மக்களைக் காலி செய்துவிட்டு ஆட்டுப் பண்ணைகள் போட்டார்கள். ஸ்ட்ராத்நேவரில் வீட்டுக் கூரைகளுக்கே தீ வைத்தார்கள். நிலம் யாருடையதோ அவர் சொன்னால் ஓர் ஊரே ஒரு பருவத்துக்குள் இல்லாமல் போகும். இது அவர் வளர்ந்த வட்டாரத்தின் நடப்பு.

வெள்ளி, உல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்கு

இன்வெர்னஸ் திரும்பி, அங்கிருந்து பேருந்தில் உல்லாபூல். துறைமுகத்தில் 'லோக் சீஃபோர்த்' கப்பல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கார்களை விழுங்கிக்கொண்டிருந்தது. லூயிஸின் துறைமுக ஊரான ஸ்டோர்னோவே போகச் சுமார் இரண்டரை மணி நேரம். மிஞ்ச் என்று சொல்லப்படும் இந்தக் கடல் இன்று சற்றே முரண்டு பிடித்தது. மேல்தளத்தில் காற்று நிற்க விடவில்லை. உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாத்திசன் எடின்பரோவில் படித்துவிட்டு, மாமன் வேலை பார்த்த கல்கத்தா வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். புறப்படவிருந்த ஒரு கப்பலின் கேப்டனிடம் சேர்க்கச் சொல்லி மாமன் கொடுத்த கடிதத்தை மறந்துவிட்டாராம். மாமன் கோபத்தில் விரட்டிவிட, அவர் சீனத் துறைமுகமான கான்டனுக்குக் கப்பல் ஏறினார் என்று ஒரு கதை உண்டு. அங்கே வில்லியம் ஜார்டைன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரோடு சேர்ந்து 1832-இல் ஜார்டைன் மாத்திசன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்டைன் முன்பு கப்பல் மருத்துவர். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது.

அவர்கள் விற்ற சரக்கில் முதலிடம் அபினிக்கு. பாட்னா, காசிப் பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உழவர்களுக்கு முன்பணம் கொடுத்துப் பயிரிட வைத்தது. கம்பெனி சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த அபினி பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் ஏலம் போனது. மாளவத்து அபினி பம்பாய் வழியாகப் போனது. சீன அரசு அபினியைத் தடை செய்திருந்ததால் கம்பெனி தன் கப்பலில் ஏற்றாது. ஏலத்தில் எடுத்துக் கடத்திப் போய் விற்றது மாத்திசன் போன்ற தனி வணிகர்கள். 1839-இல் சீன ஆணையர் லின் சேஷூ 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதில் சுமார் 7,000 பெட்டி இவர்கள் கையில் இருந்தவை. அதையொட்டிப் போர் வந்தது. 1842-இல் சீனா தோற்று ஹாங்காங்கை இழந்தது. அதே ஆண்டு மாத்திசன் பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார்.

மும்பையில் ஜே.ஜே. மருத்துவமனையைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதைத் தந்த ஜம்சேட்ஜி ஜீஜீபாய் இதே அபினி வணிகத்தில் ஜார்டைன் மாத்திசனின் பம்பாய்க் கூட்டாளி. அவரும் பாரோனட் ஆனார், 1857-இல். இந்தியர்களில் முதலாமவர். ஒரே பெட்டியின் லாபம் ஒரு முனையில் மருத்துவமனையாகவும் மறு முனையில் பஞ்ச நிவாரணமாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இடையில் சீனக் குடும்பங்கள் எத்தனை அழிந்தன என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எனக்கு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சனி, ஸ்டோர்னோவே

துறைமுகத்துக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அப்பால், மரங்களுக்கு மேலே லூஸ் கோட்டை நிற்கிறது. கோட்டை என்று பெயர், உண்மையில் மாளிகைதான். கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சார்லஸ் வில்சன் வடிவமைத்தது. கொத்தளம் வைத்த மதில்கள், மூலைக் கோபுரங்கள் எல்லாம் பார்வைக்கு மட்டும். மாத்திசன் 1844-இல் 1,90,000 பவுண்டு கொடுத்து லூயிஸ் தீவை வாங்கியதும் இதைக் கட்டத் தொடங்கினார்.

இப்போது கோட்டையோடு சேர்ந்து ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1831-இல் தீவின் மேற்கே ஊய்க் மணலில் கிடைத்த புகழ்பெற்ற சதுரங்கக் காய்களில் ஆறு இங்கே நீண்டகாலக் கடனாக வந்திருக்கின்றன. வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய ராணி கன்னத்தில் கைவைத்துக் கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நிறைய நேரம் அவள் முன்னாலேயே நின்றேன்.

சரி, பஞ்சத்துக்கு வருவோம். தீவு மக்கள் கிராஃப்டர்கள். கொஞ்சம் நிலம், ஒன்றிரண்டு மாடு, ஊருக்குப் பொதுவான மேய்ச்சல். நிலம் அவர்களுடையது அல்ல. ஆண்டுக் குத்தகைதான், அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்பது உரிமையாளர் மனசு. இருக்கிற துண்டு நிலத்தில் வயிறு நிறைய விளைவது உருளைக்கிழங்கு ஒன்றுதான் என்பதால் அதையே நம்பி இருந்தார்கள். 1846-இல் அயர்லாந்தைத் தின்ற அதே அழுகல் நோய் இங்கேயும் வந்தது.

மற்ற பல நிலவுடைமையாளர்கள் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கியபோது மாத்திசன் ஒதுங்கவில்லை. கப்பல்களில் ஓட்ஸ் மாவும் விதைத் தானியமும் வரவழைத்தார். வேலை செய்ய முடிந்தவர்களுக்குச் சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, சதுப்பு நிலத்தைத் திருத்துவது என்று வேலை தந்து கூலியாக மாவு கொடுத்தார். பள்ளிகள் கட்டினார். ஸ்டோர்னோவேக்குக் குடிநீரும் எரிவாயு விளக்கும் வந்தது அவர் காலத்தில். அவர் மனைவி மேரி ஜேன் ஏழைச் சிறுமிகளுக்குப் படிப்பும் தையலும் சொல்லித்தரும் பள்ளி நடத்தினார். இதெல்லாம் செய்யாமல் இருந்திருந்தால் லூயிஸில் செத்திருக்கக்கூடியவர்கள் பலர். இதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். பாரோனட் பட்டம் 1851-இல் இதற்காகத்தான் வந்தது.

அதே 1851-இல் தொடங்கியதுதான் அடுத்த அத்தியாயம். பஞ்சம் ஓரிரு ஆண்டில் தீரவில்லை, கிழங்கு மறுபடி மறுபடி அழுகியது, குத்தகைப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. இத்தனை பேரை இந்த மண் தாங்காது என்று மாத்திசனும் அவர் காரியஸ்தரும் முடிவுக்கு வந்தார்கள். அப்போதைய காரியஸ்தர் ஜான் மன்றோ மெக்கன்சி ஊர் ஊராகப் போய், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், யாரை அனுப்பலாம் என்று பெயர் எழுதினார். அவருடைய அந்த ஆண்டு நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பாக்கி தள்ளுபடி, கப்பல் கட்டணம் இலவசம், போகாதவருக்கு நிலம் நிச்சயமில்லை. இதுதான் பேச்சு. 1855-க்குள் 1,771 பேர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் கியூபெக் பக்கம் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வாரிசுகள் பல தலைமுறைக்கு அங்கே தீவின் மொழியான கேலிக் பேசினார்கள்.

பஞ்சத்தில் மாவு கொடுத்த கையும் பெயர் எழுதி அனுப்பிய கையும் ஒன்றுதான். இரண்டையும் அவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்றே நம்புகிறேன். ஆனால் போவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்த 1,771 பேரில் ஒருவர்கூட இல்லை.

மாலையில் ஊருக்குள் நடந்தபோது வேறொரு நினைவு. காலின் மெக்கன்சி இந்த ஊர்க்காரர், 1754-இல் பிறந்தவர். இங்கே சுங்க அலுவலராக இருந்துவிட்டு, சென்னைப் படையில் சேர்ந்து, மைசூரை அளந்து, 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். அவர் சேகரித்த தமிழ்ச் சுவடிகளும் ஊர் வரலாறுகளும் இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. 'மெக்கன்சி சுவடிகள்' என்று நம் ஆய்வாளர்கள் நாள்தோறும் புரட்டுவது இவருடைய சேகரிப்பைத்தான். காற்றடிக்கும் இந்தச் சின்னத் துறைமுகத்துப் பிள்ளை நம் ஊர்களின் கதைகளை ஆள் வைத்து எழுதி வாங்கினார் என்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஞாயிறு, ஸ்டோர்னோவே

ஞாயிற்றுக்கிழமை இங்கே பேருந்து கிடையாது, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு கப்பலே 2009-இல்தான் தொடங்கியது. காலையில் கேலிக் வழிபாட்டுக்குப் போனேன். பஜனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பதுபோல, முன்னவர் சங்கீதத்தின் ஓர் அடியைப் பாட, சபை முழுவதும் அதை வாங்கி, ஒவ்வொருவரும் தன் போக்கில் இழைத்து, அலைபோலப் பாடுகிறார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மதியம் கோட்டைக் காட்டில் நடை. லூயிஸில் மரம் அரிது, எங்கு பார்த்தாலும் கரிச் சதுப்பும் புல்லும்தான். கோட்டையைச் சுற்றி மட்டும் அடர்ந்த காடு. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நட்டு வளர்த்தது. மாத்திசன் இறந்த பிறகு மனைவி 1880-இல் எழுப்பிய நினைவு மண்டபம் இந்த மரங்களுக்கிடையே, துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது.

காட்டுக்குள் ஓடும் கிரீட் ஆற்றின் பக்கம் அவர் ஒரு வேதியியல் ஆலையும் நடத்தினார். தீவின் கரிமண்ணை, அதாவது சதுப்பில் செடிகள் மட்கிச் சேர்ந்த பீட்டை, சூடாக்கி வடித்து, தாரும் விளக்கு எரிக்கும் எண்ணெயும் மெழுகும் எடுப்பது திட்டம். 1850-களின் இறுதியில் தொடங்கி 1874-இல் மூடினார்கள். கொட்டிய பணம் திரும்பவில்லை. என்றாலும் தீவில் கொட்டிக் கிடக்கும் ஒரே பொருளிலிருந்து தீவுக்காரர்களுக்கு வேலை உண்டாக்கப் பார்த்தார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

திங்கள், கேலனிஷ், பெர்னரா

கேலனிஷ் கற்களைப் பார்க்கும் யாருக்கும் அவற்றின் முழு உயரம் மாத்திசனால்தான் கிடைத்தது என்பது தெரியாது. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான கல்வட்டம். நடுக்கல்லைச் சுற்றி 13 கற்கள், நாலு பக்கமும் வரிசைகள். பல நூற்றாண்டாகக் கரிமண் வளர்ந்து பாதிக் கற்களை மூடியிருந்தது. 1857-இல் அவர் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அதை வெட்டி எடுக்கச் செய்தார். இன்று மழை தூறலில் ஆளே இல்லை. சாம்பல் நிறக் கல்லில் ஓடும் வரிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் சுற்றினேன்.

அங்கிருந்து பெர்னராவுக்கு, விடுதிக்காரப் பாட்டியின் காரில். இந்தத் தீவுக்கு 1953 வரை பாலம் கிடையாது, படகுதான். இங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பயணமே.

1854 முதல் மாத்திசனின் காரியஸ்தராக இருந்தவர் டொனால்ட் மன்றோ, வழக்கறிஞர். அரசு வழக்குத் தொடுப்பவரும் அவரே, பள்ளி வாரியத்திலும் அவரே, பொதுக் காரியம் எதுவானாலும் அவரே. அவர் நிலத்தை விட்டு விரட்டுவேன் என்று சொன்னால் எதிர்த்துப் போக வேறு ஆள் கிடையாது. பெர்னரா மக்கள் கோடையில் மாடு ஓட்டிச் செல்லும் மேய்ச்சல் நிலத்தை மான் வேட்டைக் காட்டுக்காக எடுத்துக்கொண்டு, மாற்றாக வேறொரு நிலம் கொடுத்தார். மக்கள் சொந்தச் செலவில், சொந்த உழைப்பில் அதற்கு மைல் கணக்கில் கல்சுவர் கட்டினார்கள். சுவர் எழும்பிய சில காலத்திலேயே அதையும் விட்டுவிடுங்கள் என்றார். மறுத்தார்கள். 1874 மார்ச்சில் 58 வெளியேற்ற அறிவிப்புகளோடு நீதிமன்ற ஊழியர் வந்தார். இளைஞர்கள் மண்கட்டிகளை வீசினார்கள். தள்ளுமுள்ளில் அவர் கோட்டு கிழிந்தது. 'பெர்னரா கலவரம்' என்று வரலாறு சொல்வது இவ்வளவைத்தான்.

அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் பெரியதாகப் படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் திரண்டு, இருபது மைலுக்கும் மேல் நடந்து, கோட்டைக்கே போய் மாத்திசனைப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்து பேசினார். எனக்கு எதுவும் தெரியாது, விசாரிக்கிறேன் என்றார். வந்தவர்களுக்கு மாளிகையில் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். ஜூலையில் மூன்று பேர் மீது ஸ்டோர்னோவேயில் வழக்கு நடந்தது. இன்வெர்னஸ் வழக்கறிஞர் சார்லஸ் இன்ஸ் அவர்களுக்காக வாதாடினார். குறுக்கு விசாரணையில் மன்றோ தன் முதலாளியைக் கேட்காமலே அத்தனை குடும்பங்களையும் வெளியேற்றப் பார்த்தது அம்பலமானது. மூவரும் விடுதலை. அடுத்த ஆண்டு மன்றோவின் காரியஸ்தர் வேலை போனது.

மாத்திசனுக்குத் தெரியாது என்பதை நம்பலாம். ஆனால் இருபது ஆண்டு அந்த மனிதர் அவர் பெயரில்தான் ஆண்டார். தீவு முழுக்க ஒருவருடைய சொத்தாக இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மக்கள் வாழ்வது அவருடைய காரியஸ்தரின் கீழ்தான்.

கலவரத்தின் நினைவாகப் பெர்னராவில் கற்களை அடுக்கி ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் மாத்திசனைப் பற்றிக் கேட்டேன். "நல்ல மனுஷர்தான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அவர்கிட்ட போய்ச் சேர முடிஞ்சவங்களுக்கு" என்றார்.

செவ்வாய், பலாலன்

ஸ்டோர்னோவேக்குத் தெற்கே பலாலன் ஊரில், சாலையோரம் உயரமான கல் நினைவுச் சின்னம். 1887 நவம்பரில் பார்க் என்று பெயர்கொண்ட வட்டாரத்தில் நடந்த மான் வேட்டையை நினைவுகூர்வது. பசிக்கு மான் அடித்த கதை என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். அது திட்டமிட்ட போராட்டம்.

1886-இல் கிராஃப்டர் சட்டம் வந்திருந்தது. குத்தகைதாரரை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது, குத்தகையை அதற்கான ஆணையம் நிர்ணயிக்கும், நிலத்தைப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். பெர்னராவில் மண்கட்டி வீசியவர்கள் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் நிலமே இல்லாதவர்களுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. பழைய ஊர்களைக் காலி செய்து உண்டாக்கிய பார்க் ஆட்டுப் பண்ணை அப்போது மான் காடாக மாறியிருந்தது. அதைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விதவையான மாத்திசன் சீமாட்டி, அப்போது தீவின் உரிமையாளர், மறுத்தார். பள்ளி ஆசிரியர் டொனால்ட் மெக்ரே முன்னின்று ஏற்பாடு செய்ய, நூற்றுக்கணக்கானோர் துப்பாக்கியோடு மலையேறி, மான்களைச் சுட்டு, கூடாரம் அடித்துச் சமைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். பத்திரிகைகள் எழுதின, படை வந்தது. எடின்பரோவில் நடந்த வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள்.

தையல் பள்ளி நடத்திய அதே சீமாட்டிதான் இவர். சிறுமிகளுக்கு ஊசியும் நூலும் தரத் தயங்காதவர், அவர்கள் தகப்பன்மாருக்கு ஒரு துண்டு நிலம் தர மறுத்தார். தருமம் செய்தபோது தன்னிடம் எதுவும் குறையவில்லை, நிலத்தைத் தந்திருந்தால் குறைந்திருக்கும். இந்த ஊர்களில் நடந்து முடித்தபின் மாத்திசன் குடும்பத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்.

1918-இல் தீவை சோப்பு வணிகர் லெவர்ஹியூம் வாங்கினார். 1923-இல் அதை மக்களுக்கே கொடுக்க முன்வந்தார். ஸ்டோர்னோவே வட்டாரம் ஏற்றுக்கொண்டது. அன்று உண்டான ஸ்டோர்னோவே டிரஸ்ட் இன்றும் அங்கே வாழ்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. கோட்டைக் காடும் அதன் கையில்தான். வடக்கே கால்சன் பண்ணை நிலங்களை 2007-இல் ஊர்மக்களே வாங்கினார்கள். நான் நிற்கும் இந்தப் பார்க் நிலம் நீண்ட இழுபறிக்குப் பின் 2015-இல் மக்கள் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. மான் சுட்டவர்களின் கொள்ளுப்பேரன்கள் இப்போது குத்தகை விண்ணப்பத்தைத் தங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.

நாளை அதிகாலைக் கப்பல். உல்லாபூல் போய், இன்வெர்னஸ் வழியாக எடின்பரோ.